பரிவட்டம் கட்டிய குடியரசுவாதி

அரசர்களை மக்கள் எப்படி இறக்கினார்கள் என்று ஒரு புத்தகம் எழுதியிருக்கிறேன். அதன் பெரும்பாலான பிரதிகள் திருச்சியில் என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. பெருக்கும்போதெல்லாம் துடைப்பம் ஏதாவதொரு மன்னர் மேல் இடிக்கிறது என்று என் மனைவி வசந்தா குறைப்படுவாள். ஆகவே, இலங்கையில் ருவான்வெல்லைக்கு மேலே ஒரு ரப்பர்த் தோட்டத்து வாசிகசாலையிலிருந்து "உங்கள் நூலைப் பற்றி எங்கள் மக்களிடம் பேச வர முடியுமா?" என்று கேட்டபோது, யோசிக்கிற மாதிரி நடிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"வீட்டுல என் கையிலேருந்து டிவி ரிமோட்டப் பிடுங்க முடியல, அங்க போய்ப் புரட்சியா?" என்றாள் வசந்தா. வரலாற்றில் எல்லாப் புரட்சியாளர்களும் முதலில் ஏளனத்தைச் சந்தித்தவர்கள்தாம் என்று சொல்லிவிட்டுப் பெட்டியை அடுக்கினேன். சட்டைகளை அடுக்கியது அவள்தான்.

கொழும்பிலிருந்து ஏறிய பஸ்ஸிலேயே பாடம் தொடங்கிவிட்டது. ஆட்கள் தொங்கிக்கொண்டு நிற்கும்போது டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கை மட்டும் காலியாக இருந்தது. அறிவுள்ளவன் சந்தேகப்பட்டிருப்பான். நான் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஜன்னல் காற்றுக்கு முகத்தைக் கொடுத்தேன். வழியில் ஓர் இளம் பிக்கு ஏறினார். நடத்துனர் என்னைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பின்னால் இருந்த அம்மாள் மொழிபெயர்த்தார்: "அது ஹாமதுருவுக்கு உள்ள சீட்டுங்க. எந்திரிச்சிருங்கன்னு சொல்றாரு."

பிரான்சில் மதகுருமாரின் சலுகைகள் ஒழிக்கப்பட்ட இரவைப் பற்றி என் புத்தகத்தில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. அந்த அத்தியாயத்தின் ஆசிரியர் "சாரி, சாரி" என்று பதறி எழுந்ததில் பக்கத்துக்காரர் மடியிலிருந்த மாலு பணிஸ் பொட்டலத்தின் மேல் சரிந்தார். மீன் வைத்த அந்த பணிஸ்கள் தட்டையாகிவிட்டன. பொட்டலத்துக்காரர் கோபப்படவில்லை, ஒன்றை எடுத்து எனக்கே கொடுத்தார். மீதி வழியெல்லாம் செருப்பில்லாமல் நின்றுகொண்டே வந்தேன், ஏனென்றால் செருப்பு பிக்குவின் காலடியில் இருந்தது, கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இறங்கும்போது அவரே எடுத்துக் கொடுத்தார்.

ருவான்வெல்லைக் கடைத்தெருவில் ஒரு நானாவின், அதாவது முஸ்லிம் அண்ணாச்சியின், தேநீர்க் கடையில் காத்திருந்தேன். நம்மூரில் டீ என்றால் பால்தான். இங்கே பாலில்லாமல் இஞ்சி தட்டிப் போட்டு, கண்ணாடித் தம்ளரில் செம்பழுப்பாகத் தருகிறார்கள். வந்த காரியத்தைச் சொன்னதும் நானா கல்லாவிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

"ராஜாமார எறக்குறதப் பத்தியா? எங்கட மச்சாண்ட மகன் போனானே, கொழும்புல சனமெல்லாம் ஜனாதிபதிட மாளிகைக்குள்ள பூந்த நேரம். பெரிய கட்டில்ல படுத்து போட்டோவும் எடுத்தீக்கி."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பஸ் ஏறி ஊட்டுக்கு வந்துட்டான். வந்தா அடுப்புக்கு காஸ் இல்ல." நானா தம்ளரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "எறக்குறது லேசு சேர். மறுநாத்து காலைலதான் பிரச்சின."

இதைக் குறித்துக்கொள்ளலாம் என்று பேனாவைத் தேடினேன். பேனா பஸ்ஸிலேயே போய்விட்டது.

என்னை அழைத்த சந்திரன் மாஸ்டர் முச்சக்கர வண்டியில் வந்தார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்து ஆசிரியர், முப்பது வயதுக்காரர், என் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கிய அபூர்வ மனிதர். ரப்பர் மரங்களுக்கு நடுவே மேட்டில் ஏறும்போது, மழையில் வண்டி ஒரு திருப்பத்தில் நின்றுவிட்டது. இறங்கித் தள்ளினோம். கண்டிக்கு அப்பாலுள்ள மலைகளில்தான் அதன் கடைசி அரசன் ஒளிந்து அலைந்தான் என்றும், அவனைப் பிடித்து வேலூருக்குக் கப்பலேற்றினார்கள் என்றும் தள்ளிக்கொண்டே சொன்னேன்.

"அது சனங்க செஞ்ச வேல இல்லீங்களே சேர்," என்றார் சந்திரன். "பிரதானிமாரும் வெள்ளக்காரனும் சேந்து செஞ்சது. ராஜா போனாரு, தொரை வந்தாரு. கொஞ்சம் நல்லாத் தள்ளுங்க."

தொரை என்றால் தோட்டத்தின் மேனேஜர். வெள்ளைக்காரர்கள் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. இப்போது இருப்பவர் ஒரு சிங்கள இளைஞர். ஆனாலும் தொரை தொரைதான், அவர் இருக்கும் பங்களா மேட்டின் உச்சியில்தான்.

இரவுச் சாப்பாட்டுக்குச் சந்திரனின் மனைவி தேங்காய்ப்பூ போட்ட ரொட்டியும் கட்டச் சம்பலும் வைத்தார். கட்டச் சம்பல் என்பது செத்தல் மிளகாயையும் வெங்காயத்தையும் மாசிக் கருவாட்டோடு இடித்தது. நான் திருச்சிக்காரன், காரத்துக்கு அஞ்சாதவன் என்று அறிவித்துவிட்டு ஒரு பெரிய உருண்டையை எடுத்தேன். அடுத்து என் கை தண்ணீர்ச் செம்பைத்தான் தேடியது.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் திருவிழா விஷயத்தைச் சந்திரன் சொன்னார். நாளை மறுநாள் மாரியம்மன் தேர். கோயிலிலிருந்து புறப்படும் தேர் ஒரு முச்சந்திக்கு வந்து நிற்கும். அங்கிருந்து ஒரு ரோடு மேலே பங்களாவுக்கு, ஒரு ரோடு கீழ்க்கணக்குக்கு. தோட்டத்தின் பிரிவை இங்கே கணக்கு என்கிறார்கள். தொரை முச்சந்திக்கு வருவார். பூசாரி அவர் தலையில் பரிவட்டம் கட்டுவார். பரிவட்டம் கட்டியவர் முதலில் வடத்தைத் தொட்டு இழுத்த பிறகுதான் மற்றவர்கள் தொடலாம். தேர் நேராகப் பங்களா வாசலுக்குப் போகும். அம்மன் அன்றிரவு அந்தப் போர்ட்டிகோவில் தங்கி, விடிந்ததும் கோயிலுக்குத் திரும்பும். வெள்ளைக்காரத் தொரை காலத்திலிருந்து இதுதான் வழக்கம். கீழ்க்கணக்குக்குத் தேர் போனதே இல்லை.

"இந்த வருசம் கட்ட விடமாட்டோம்னு பொம்பளைங்க நிக்கிறாங்க சேர்," என்றார் சந்திரன்.

காரணம் பிள்ளைக் காம்பரா. வேலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்துக்குத் தோட்டத்தில் அதுதான் பெயர். கீழ்க்கணக்குக் காம்பராவைச் செலவைக் குறைப்பதற்காகத் தொரை பூட்டிவிட்டார். ரப்பர்ப் பால் வெட்டும் பெண்கள் இருட்டோடு எழுந்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வழுக்கும் படிக்கட்டில் மேல்கணக்குக் காம்பரா வரை ஏறி, விட்டுவிட்டு, மறுபடி கீழே இறங்கி மரத்துக்குப் போக வேண்டும். தாமதமானால் அரை நாள் பேர்தான் விழும், அதாவது பாதிக் கூலி. சந்திரனின் மாணவன் ஒருவனின் தாய், புஷ்பம் என்பவர், போன மாதம் மழையில் கைக்குழந்தையோடு படியில் விழுந்துவிட்டார். குழந்தைக்கு நெற்றியில் தையல். அவர்தான் முன்னால் நிற்கிறார்.

பரிவட்டம் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது மன்னராட்சியின் எச்சம், கோயில் வாசலில் தொங்கும் கிரீடம், சட்டம் போட்டு ஒழிக்க வேண்டும் என்று திருச்சியில் ஒரு கூட்டத்தில் மேசையைத் தட்டிப் பேசியவன் நான். யாரும் எனக்குக் கட்டுகிறேன் என்று கேட்டதில்லை என்பதால் எதிர்ப்பது சிரமமாக இருக்கவில்லை.

மறுநாள் மாலை வாசிகசாலையில் கூட்டம். தகரக் கூரை. வெள்ளை வேட்டியில் போயிருந்தேன். பாரிஸிலிருந்து ஆரம்பித்தேன், அரசனுக்கு அதிகாரம் கடவுளிடமிருந்து வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், அது நம்மிடமிருந்துதான் வருகிறது என்று சிலர் எழுதினார்கள், எழுதியதைச் சனங்கள் ஒருநாள் நம்பிவிட்டார்கள் என்றேன். ரொட்டி கேட்டு அரண்மனைக்கு நடந்த பெண்களைச் சொல்லிவிட்டு ரஷ்யாவுக்குப் போனேன். பக்கத்தில் நேபாளத்தில் தெருவில் இறங்கிய மக்கள் அரசனைச் சாதாரணக் குடிமகனாக்கியதைச் சொன்னேன். சொன்னது பாதிப் பேர் காதில்கூட விழுந்திருக்காது. கூரைமேல் மழை கொட்டு அடித்துக்கொண்டிருந்தது.

ஆனாலும் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி பாரிஸுக்குத் திரும்பித் தலை வெட்டும் இயந்திரத்துக்கு வந்தபோது முன்வரிசைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இப்படி ஒரு சபை எனக்கு வாய்த்ததே இல்லை. குரலை இன்னும் உயர்த்தினேன். அப்போது ஒரு பெண் எழுந்து வந்து, "சேர், ஒங்க கால்ல அட்டைங்க," என்றார். குனிந்து பார்த்தால் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை வேட்டி சிவந்திருந்தது. கொழுத்த அட்டை ஒன்று ஒருபுறம், இன்னொன்று இறங்க மனமில்லாமல் மறுபுறம். அவர் சவர்க்காரம் என்கிற சோப்பை நனைத்துத் தேய்த்ததும் இரண்டும் விழுந்தன. அவர்தான் புஷ்பம்.

மழை கொஞ்சம் விட்டது. கேள்வி கேட்கலாம் என்றார் சந்திரன். புஷ்பம் சவர்க்காரக் கையோடு அங்கேயே நின்றபடி கேட்டார்:

"ரொட்டி இல்லைன்னு ராஜா மாளிகைக்கு நடந்துபோன பொம்பளைங்களப் பத்தி சொன்னீங்கல்ல சேர், அவ்வளவு தூரம் போகச்சொல்ல புள்ளைங்கள யாருகிட்ட விட்டுட்டுப் போனாங்க?"

எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்கள் எத்தனை பீரங்கிகளை இழுத்துப் போனார்கள் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். "நல்ல கேள்வி," என்றேன். ஆசிரியர்கள் இதை எப்போது சொல்வார்கள் என்பது சபைக்கும் தெரியும்.

தோட்டத்துத் தலைவர் மாரிமுத்து பின்வரிசையிலிருந்து எழுந்துவிட்டார். தொழிற்சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், கோயில் கமிட்டிக்கும் அவர்தான். நல்ல மனிதர், எல்லோருக்கும் நடுவில் நின்று நின்று முதுகு வளைந்தவர். "அந்தப் பேச்ச இங்க எடுக்காத புஷ்பம். ஜெனரேட்டரு தொரை குடுக்கிறது. திருவிழா லீவு தொரை குடுக்கிறது. ஒம் பேர வெட்டிட்டா ஒனக்கு தோட்டத்து வூடும் இல்ல, தெரியும்ல?"

"தெரியும் தலைவரே. புள்ளைக்கு மண்டையில தையல் போடச்சொல்லயே யோசிச்சிட்டேன்," என்றார் புஷ்பம். குரல் உயரவில்லை. 

தேர் நாள் காலையில் தொரை எனக்கு ஆள் அனுப்பினார். புரட்சிப் பேச்சாளனை மிரட்டப் போகிறார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். அவர் வாசலுக்கே வந்து கைகொடுத்தார். தோட்டத்துத் தமிழைப் பெரட்டுக்களத்தில் கற்றுக்கொண்டவர். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற இடம் அது. அதனால் உபசாரம்கூடக் கட்டளையாகத்தான் வரும். "வா. ஒக்காரு. தேத்தண்ணி குடி," என்றார், அவ்வளவு அன்பாக. ரத்தினபுரியில் படித்த கதையைச் சொன்னார். கம்பெனி செலவைக் குறை என்கிறது, நான் என்ன செய்ய என்றார். கேக் வந்தது. நாளை நான் கொழும்புக்குப் போவதற்குத் தன் ஜீப்பைத் தருவதாகச் சொன்னார். முன்சீட்டு, ஏசி.

பஸ்ஸில் செருப்பில்லாமல் நின்றது நினைவுக்கு வந்தது. "ரொம்ப நன்றி," என்று இரண்டு தடவை சொன்னேன். பிள்ளைக் காம்பராவைப் பற்றிப் பேச நினைத்திருந்தேன். வாயில் கேக் இருந்தது.

மாலை தேர் முச்சந்திக்கு வந்து நின்றது. பனையளவு உயரமெல்லாம் இல்லை. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு, காகிதப் பூவும் ரப்பர் மரக் கிளையும் கட்டிய சின்னத் தேர். தப்பு அடிப்பவர்கள் ஓய்ந்துவிட்டார்கள். கீழ்க்கணக்குப் பெண்கள் பங்களா ரோட்டின் குறுக்கே பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காம்பராவைத் திறக்கிறேன் என்று சொல்லாமல் தொரைக்குப் பரிவட்டம் கிடையாது. மேலேயிருந்து தொரையின் பதில் வந்தது: கூப்பிடாத இடத்துக்கு வரமாட்டேன், ஜெனரேட்டரும் வராது.

பரிவட்டம் கட்டாமல் வடத்தைத் தொட முடியாது. வடத்தைத் தொடாமல் தேர் நகராது. மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. தலைவர் வியர்த்துப்போய் நாலு பக்கமும் பார்த்தார். அவர் கண் என்மேல் வந்து நின்றது.

"இந்தியாவுலேருந்து வந்த பெரிய மனுசன் இருக்கிறாரே! தொரையும் வேணாம், நம்மாளும் வேணாம். விருந்தாளிக்குக் கட்டுவோம். யாருக்கும் மனத்தாங்கல் இல்ல!"

கூட்டத்தில் பாதி கைதட்டியது. இந்த இடத்தில் ஒரு குடியரசுவாதி என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மறுக்க வேண்டும். நான் வாயைத் திறந்தேன். மறுப்பதற்குள் தலை தானாகக் குனிந்துவிட்டது. பூசாரி சிவப்புப் பட்டைச் சுற்றி இறுக்கினார். கழுத்தில் மாலை விழுந்தது. தப்பு மறுபடி அதிர்ந்தது. நெற்றியில் அந்தத் துணி படிந்த இடத்தில் ஒரு குளிர்ச்சி இறங்கியதே, அதை என்னவென்று சொல்வது! வசந்தா பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். யாராவது போட்டோ எடுக்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். சந்திரன் எடுக்கவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. பெண்கள் கையில் இருந்தது ஒன்றே ஒன்று, கட்டாத அந்தப் பரிவட்டம். அதைக் காட்டித்தான் தொரையிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதை நான் தலையில் வாங்கிக்கொண்டுவிட்டேன்.

"வடத்தப் புடிங்க சேர், மேல இழுங்க. தொரை வாசல்ல நிக்கிறாரு, அவரு மனசும் குளுந்துரும்," என்றார் தலைவர்.

புஷ்பம் எழுந்து வந்தார். "சேர், இப்ப ஒங்க கையிலதான் இருக்கு. கீழ இழுங்க. காம்பரா வாசலுக்குத் தேர் வரட்டும். நீங்க வெளியூரு, ஒங்க பேர யாரும் வெட்ட முடியாது."

எவ்வளவு நியாயமான பேச்சு. எனக்கு இழக்க என்ன இருந்தது? ஒரு ஜீப். அதன் முன்சீட்டு. நான் வடத்தைக் கையில் எடுத்தேன், மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன், பிறகு பேச ஆரம்பித்தேன். இரு தரப்பும் உட்கார்ந்து பேசுவது நல்லது என்றேன். வரலாற்றில் அவசரத்தால் விளைந்த தீமைகள் பல என்றேன். ஒரு குழு அமைக்கலாம் என்றேன். மழை முதல் துளியைப் போட்டது. பேசப் பேச என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, ஆனால் நிறுத்தவும் தெரியவில்லை.

புஷ்பம் இடுப்பிலிருந்த குழந்தையைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்தார். என் அருகே வந்தார். "மன்னிச்சுக்கங்க சேர். கொஞ்சம் குனியுங்க."

குனிந்தேன். அன்றைக்குக் குனிவது எனக்குப் பழகிவிட்டிருந்தது. அவர் என் பின்னந்தலையில் முடிச்சைத் தேடி அவிழ்த்து, பட்டை எடுத்துக்கொண்டார்.  அந்தத் தோட்டத்தில் பெண் ஒருத்தி பரிவட்டத்தைத் தொட்டதே கிடையாதாம். மக்கள் தாங்களே முன்வந்து ஓர் அரசனை இறக்கியதை நான் வாழ்நாளில் நேரில் கண்டது அந்த ஒரு தடவைதான். அந்த அரசன் நான். என் ஆட்சி ஒரு கொத்து ரொட்டி கொத்தி முடிக்கிற நேரம்கூட நீடிக்கவில்லை.

"அம்மாவுக்கே கட்டுங்க பூசாரியாரே," என்று துணியைத் தட்டில் வைத்தார் புஷ்பம். பூசாரி தலைவரைப் பார்த்தார். தலைவர் வானத்தைப் பார்த்தார். பூசாரி ஏறி, அதை அம்மனின் தலையிலேயே கட்டினார்.

பிறகு வடத்தை முதலில் தொட்டது யார் என்று யாராலும் சொல்ல முடியாது. பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் பாய்ந்தார்கள். "அரோகரா" என்று ஒரு சத்தம். தேர் குலுங்கி, கீழ்க்கணக்குப் பக்கம் திரும்பியது. கொஞ்ச நேரம் நான் மாலையோடு முச்சந்தியில் தனியாக நின்றேன். பிறகு நானும் ஓடிப் போய் வடத்தின் வாலைப் பிடித்துக்கொண்டேன். தலைவரும் எனக்குப் பின்னால் பிடித்திருந்தார்.

பிள்ளைக் காம்பரா வாசலுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கதவில் பூட்டு. அம்மனுக்குத் தங்க இடம் வேண்டும். யாரும் பூட்டை உடைக்கவில்லை. உடைக்கலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, "சாமி வூட்ட களவாணி மாதிரி தொறக்கிறதா?" என்று புஷ்பம் அதட்டினார். சந்திரன் மோட்டார் சைக்கிளில் பங்களாவுக்குப் போனார். பெண்கள் முந்தானைகளைப் பிரித்து அம்மனுக்கு மேல் பிடித்தார்கள்.

தொரை வேறு யாரிடமும் சாவியைக் கொடுத்தனுப்பவில்லை. அவரே ஜீப்பில் வந்து இறங்கினார். முகம் கடுகடுவென்று இருந்தது. ஏதோ சொல்ல வந்தவர், முந்தானைகளுக்கு அடியில் நனைந்துகொண்டிருந்த அம்மனைப் பார்த்தார். கால் சப்பாத்தைக் கழற்றினார். சிங்களவர்களும் கண்ணகியைப் பத்தினித் தெய்வமாகக் கும்பிடுகிறவர்கள். நனைகிற தெய்வத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க அவருக்கும் முடியவில்லை. பூட்டைத் திறந்து, சாவியைப் பூட்டோடு பூசாரியின் தட்டில் வைத்துவிட்டுக் கைகூப்பினார்.

அம்மன் உள்ளே போனது. தீபாராதனை. தொரை பழக்கதோஷத்தில் முதல் ஆளாக முன்னே போனார். புஷ்பம் குறுக்கே கையை நீட்டினார்.

"வரிசைல வாங்க தொரை. மொதல்ல புள்ளைங்க."

 தொரை சிவந்துபோனார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பின்னால் நடந்து, பிள்ளைகளுக்கெல்லாம் பிறகு, பெண்களுக்கெல்லாம் பிறகு வந்து எனக்கு முன்னால் நின்றார். திரும்பி என் கழுத்து மாலையைப் பார்த்தார், வெறும் தலையைப் பார்த்தார்.

"ஒன்கிட்டயும் எடுத்தாச்சா?" என்றார்.

"எடுத்தாச்சு," என்றேன்.

எங்கள் முறை வந்தபோது சர்க்கரைப் பொங்கல் தீர்ந்துவிட்டிருந்தது. ஆளுக்கு ஒரு வாழைப்பழத் துண்டு கிடைத்தது.

மறுநாள் விடியலில் அம்மன் கோயிலுக்குத் திரும்பியது. பெண்கள் காம்பராவைக் கழுவிவிட்டு, உத்தரத்தில் சேலைத் தொட்டில்களைக் கட்டிப் பிள்ளைகளைக் கிடத்தினார்கள். ஜீப்பைப் பற்றி நானும் கேட்கவில்லை, தொரையும் பேசவில்லை. பஸ்ஸுக்கு நடந்தே போகப் பெட்டியோடு இறங்கியபோது பெரட்டுக்களத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. எல்லோரும் கத்தியும் வாளியுமாக நின்றார்கள். தொரை துரைமார்களுக்கே உரிய அரைக்கால் சட்டையில், தெளிந்த முகத்தோடு, ராத்திரி தூங்கி எழுந்து மறுபடி தொரையாகி வந்திருந்தார். இதோ, நானா சொன்ன காலை வந்துவிட்டது என்று பெட்டியைக் கீழே வைத்தேன்.

"தலைவர், காம்பரா சாவி எங்க?" என்றார்.

தலைவர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி செருப்பைப் பார்த்தார். புஷ்பம் வரிசையிலிருந்து ஓரடி முன்னே வந்தார். பயம் இல்லாமல் இல்லை. வாளியின் காதை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"அம்மாவோட காலடில இருக்குங்க தொரை. தட்டோட கோயிலுக்குள்ள போயிருச்சு. ஒங்களுக்கு வேணும்னா அம்மாகிட்டயே கேட்டு எடுத்துக்கங்க. நாங்க யாரும் எடுக்க மாட்டோம்."

கீழே கோயில் மணி யாரோ அடித்தார்கள். தொரை கோயில் பக்கம் பார்த்தார். காம்பரா பக்கம் பார்த்தார். அங்கிருந்து ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. இன்னொன்று அதோடு சேர்ந்துகொண்டது.

"ஹரி," என்றார் கடைசியில், சிங்களத்தில் 'சரி' என்று. "வேலைக்குப் போ."

வரிசை கலைந்தது. பெண்கள் மரங்களுக்குள் நுழைந்தார்கள். புஷ்பம் என்னைப் பார்த்து, "போய்ட்டு வாங்க சேர், வழுக்கும், பாத்து எறங்குங்க," என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறினார். ஒரு கையில் கத்தி, ஒரு கையில் வாளி. இடுப்பில் பிள்ளை இல்லை. என் கண் நிறைந்துவிட்டது. வாளியை வீசிக்கொண்டு அவர் அந்த மேட்டில் ஏறிப்போனார்.